பெரட்டு நடை

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் நெருங்கினால் சசிரேகாவுக்குக் கால் சரியாகிவிடும். இதை நினைத்தாலே நீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மற்ற நாட்களில் அந்தப் பத்து வயதுப் பிள்ளை கட்டிலை விட்டு இறங்குவதற்குள் பெற்றவளுக்குப் பாதி உயிர் போய்விடும். விடிகாலைக் குளிரில் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வீட்டு வரிசையே விறைத்துக் கிடக்கும். பிள்ளையின் வலது முழங்கால் வீங்கி, நீட்டவும் வராமல் மடக்கவும் வராமல் நிற்கும். வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி, அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, சுவரைப் பிடித்து நடக்க வைத்து, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் நீலாவதிக்குத் தேயிலை பாக்கெட் போடும் வேலைக்கு நேரம் தப்பியிருக்கும். விரல்களும் அப்படித்தான். காலையில் பென்சில் பிடிக்க வராது, சட்டைப் பொத்தான் போட வராது. சிறுபிள்ளைகளுக்கும் மூட்டுவாதம் வரும் என்று டாக்டர் சொல்லித்தான் அவளுக்கே தெரியும். கிழடுகளுக்கு வரும் நோய் என் பிள்ளைக்கு ஏன் வந்தது என்று அவள் கேட்காத சாமியில்லை.

ஆனால் மலையிறங்கிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றைக்குப் பார்க்கவேண்டுமே! மகாராணி தானே எழுந்து, தானே பல் விளக்கி, தானே காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். டாக்டர் அறைக்குள் நேராக நடந்துபோய் நாற்காலியில் உட்காருவாள்.

“வாங்க சசி! போன மாசத்தைவிட நடை நல்லா இருக்கே,” என்பார் டாக்டர் விக்னேஸ்வரி.

“இல்ல டாக்டர், வீட்டுல இப்படி இல்ல. போன வாரம் முழுக்க நான்தான் பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போனேன்,” என்பாள் நீலாவதி.

டாக்டர் பிள்ளையைப் பார்ப்பார். பிள்ளை அப்பாவைப் பார்ப்பாள். அப்பா சுகுமாரன் சுவரில் இருக்கும் படத்தைப் பார்ப்பான். “வலிக்குதா சசி?” என்று கேட்டால், “கொஞ்சந்தான் டாக்டர்,” என்று பதில் வரும். அதோடு முடிந்தது. வாரத்துக்கு ஒருமுறை போடும் மாத்திரையையே தொடரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். திரும்பி வந்து நாலைந்து நாளில் கால் மறுபடியும் மரக்கட்டையாகும். அடுத்த மாதம் அதே கூத்து. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தையை இந்தப் பிள்ளை எங்கே கற்றாள் என்று நீலாவதி மண்டையை உடைத்துக்கொண்டாள். பொய் சொல்கிற தாய் என்று டாக்டர் நினைக்கிறாரோ என்கிற அவமானம் வேறு.

“டவுனுக்குப் போற சந்தோஷத்துல நடக்குறா. சின்னப் புள்ளைதானே லா,” என்பான் சுகுமாரன்.

ஒருநாள் காலையில் பிள்ளை தவழ்ந்து போவதை நீலாவதி போனில் படம் பிடித்து வைத்தாள். சாயங்காலம் அதைப் பார்த்த சுகுமாரன் எரிந்து விழுந்தான். “பொம்பளப் புள்ள நொண்டுறத படம் புடிச்சி ஊருக்குக் காட்டப் போறியா? நாளைக்கு இவளுக்கு ஒரு வாழ்க்க வேணாமா?” என்று கத்தி, போனைப் பிடுங்கிப் படத்தை அழித்தும் விட்டான்.

சுகுமாரன் கெட்டவன் இல்லை. பிள்ளை என்றால் அவனுக்கு உயிர். ஆனால் அவன் வீட்டில் ஒரு வியாதி பரம்பரையாக ஓடிக்கொண்டிருந்தது. அதன் பெயர் பெரட்டு. விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து விடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். முன்காலத்தில் பெரட்டில் எவனாவது நொண்டிக்கொண்டு நின்றால் கங்காணி அவனை வரிசையிலிருந்து இழுத்து வெளியே விடுவார். அன்றைக்கு வேலையில்லை. அடிக்கடி நொண்டினால் லயத்து வீடும் இல்லை. சுகுமாரனின் அப்பா பக்கிரிசாமி, செடி வெட்டும் கவாத்துக் கத்தி பட்டுச் சீழ் பிடித்த காலோடு பெரட்டில் விறைப்பாக நின்றவர். அந்தக் கதையைச் சொல்லும்போது சுகுமாரனுக்கு நெஞ்சு நிமிரும். பெரட்டும் போய், வெள்ளைக்காரத் துரையும் போய், இப்போது அவன் கொழுந்து ஏற்றும் லோரி ஓட்டுகிறான். ஆனாலும் வெள்ளைக் கோட்டைக் கண்டால் அவன் கால் இரண்டும் தானாகச் சேர்ந்து நிற்கும். ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றதும் மகளிடம் ஒவ்வொரு தடவையும் சொல்வான்: “நேரா நடக்கணும் தாயி. பெரிய மனுசங்க முன்னாடி நொண்டக் கூடாது.”

அது நீலாவதிக்குத் தெரியும். அவ்வளவுதான் சங்கதி என்றும் நினைத்திருந்தாள். எரிச்சல்பட்டாளே தவிர, வீம்புக்கு நடக்கிற பிள்ளையைத் தகப்பன் தூண்டிவிடுகிறான் என்பதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை.

இந்த நிலைமையில்தான், நீலாவதி ஓயாமல் முறையிட்டதைக் கேட்டு, டாக்டர் விக்னேஸ்வரி ரத்தப் பேச்சை எடுத்தார்.

“அடுத்த கட்டமா ஒரு ஊசி இருக்கும்மா. ஆனா எல்லாப் பிள்ளைங்களுக்கும் அது கேக்கறதில்ல. கேக்காத பிள்ளைக்குப் போட்டா மாசக்கணக்குல காலம் வீணாகும், அதுக்குள்ள மூட்டு தேய்ஞ்சிடும். கிருமி தொத்துற பயமும் இருக்கு. அதனால ஒரு ஆராய்ச்சி நடக்குது. மூட்டுக்குள்ள வீக்கம் கொதிக்கும்போது வெள்ளை அணுக்கள் ஒரு வகைப் புரதத்த ரத்தத்துல விடும். அது நெறைய இருக்கிற பிள்ளைங்களுக்கு மருந்து கேக்க வாய்ப்பு அதிகம்னு தெரியுது. ஊசி போடறதுக்கு முன்னாடியே அத அளந்து பாக்கலாம்.”

“அப்போ ரத்தமே சொல்லிடுமா டாக்டர்?”

“ஜோசியம் இல்லம்மா. மேகத்தப் பாத்து மழை வரும்னு சொல்ற மாதிரி. பல நேரம் சரியா இருக்கும்.”

நீலாவதிக்கு அது போதும். போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. கால் பொய் சொல்லும், வாய் பொய் சொல்லும், ரத்தத்தை எந்தத் தகப்பன் நிமிர்த்தி நிறுத்தி வைப்பான்? ரத்தத்துக்குப் பெரட்டு தெரியாது. ஊசிக் குழாயில் ஏறிய ரத்தத்தைப் பார்த்து, ‘நீயாவது உண்மையைச் சொல்லு’ என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

முடிவு வந்தபோது மூன்று பேரும் டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

“அளவு ரொம்பக் குறைவா இருக்கும்மா,” என்றார் டாக்டர். “மத்த வீக்க டெஸ்ட்டும் கிட்டத்தட்ட சாதாரணம். இத வெச்சுப் பாத்தா ஊசி கேக்க வாய்ப்புக் குறைவு. இப்ப அவசரப்பட வேணாம்.”

“டாக்டர், புள்ள காலையில எந்திரிக்க முடியாம கெடக்குறா!”

“வலி இல்லன்னு நான் சொல்லல. வலிக்கு வேற காரணம் இருக்கலாம். சில பிள்ளைங்களுக்கு ஸ்கூல் பயம், மனசுல ஏதாச்சும் பாரம். ஒரு கவுன்சலரப் பாத்துட்டு வாங்களேன்.” பிறகு எதையோ யோசித்தவர் போல நிமிர்ந்தார். “வேற மருந்து ஏதாவது குடுக்கறீங்களா? நாட்டு மருந்து, கடையில வாங்கினது?”

“மாரியாத்தா மேல சத்தியமா ஒண்ணுங்கூட இல்ல டாக்டர்!” என்றாள் நீலாவதி. பக்கத்தில் சுகுமாரன் சப்பாத்து நுனியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

கார் மலையேறியது. நீலாவதி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். பிள்ளைக்கு மனசில் பாரமாம்! மாதக்கணக்காகத் தூக்கிச் சுமந்த முதுகுக்குத் தெரியாதா பாரம் எது என்று? டாக்டர் மேல் கோபம், ரத்தம் மேல் கோபம், கடைசியில் தன் கண் மேலேயே சந்தேகம். ஒருவேளை எனக்குத்தான் பைத்தியமோ என்றுகூடத் தோன்றியது. பின்சீட்டில் சசிரேகா வெகுநேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ம்மா, அழாதீங்கம்மா,” என்றாள். “அப்பா குடுக்கிற மாத்திரைய தெனமும் குடுத்தா நான் தெனமும் நடப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போறப்ப மட்டும் குடுக்கறாங்க. அதான்.”

சுகுமாரனின் காதுமடல் சிவந்துவிட்டது.

“காடிய நிறுத்துங்க,” என்றாள் நீலாவதி.

“வளைவுல எப்படி லா நிறுத்துறது...”

“நிறுத்துங்கன்னு சொல்றேன்ல!”

மூடிக் கிடந்த ஒரு ஸ்ட்ராபெரிக் கடை ஓரமாகக் கார் நின்றது. நீலாவதி இறங்கி, சுற்றி வந்து, அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். “எங்க இருக்கு? எடுங்க.”

முன்சீட்டுக்கு எதிரே இருந்த சின்னப் பெட்டிக்குள், பழைய துணிக்குப் பின்னால், ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. மேலே ஏதோ வேரின் படம். உள்ளே பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாகக் குளிகைகள்.

“பாசார் மாலாம்ல, ராத்திரிச் சந்தையில வாங்கினது,” என்றான் சுகுமாரன், தலையைத் தூக்காமல். “என் முதுகு வலிக்குத்தான் வாங்கினேன். ஒரே நாள்ல வலி போச்சு. வெறும் வேருதான்னு சொன்னான். வேரு என்ன பண்ணும்? கிளினிக்குக்கு ரெண்டு மூணு நாள் இருக்கும்போது மட்டும் குடுத்தேன். டாக்டர் முன்னாடி புள்ள நொண்டிகிட்டுப் போனா காலையே வெட்டணும்பாங்களோன்னு பயமா இருந்துச்சு நீலா. கை விட்டுட்டாங்கன்னா? ‘இது தேறாது’ன்னு ஒதுக்கிட்டாங்கன்னா?”

“ஆஸ்பத்திரிக்குப் போறதே நோயக் காட்டத்தானேங்க! அங்க போயி யாராவது நோய ஒளிச்சு வெப்பாங்களா? நான் சத்தியம் பண்ணேன். மாரியாத்தா மேல சத்தியம் பண்ணேன், பக்கத்துல கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்களே!” அவளுக்கு மூச்சு வாங்கியது. “மாசா மாசம் என்னைய பொய்க்காரி ஆக்கினது நீங்கதானா?”

காய்கறி ஏற்றிய லோரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. சசிரேகா பின்சீட்டில் அழ ஆரம்பித்தாள். “நான் சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாங்க. நான் சொல்லிட்டேன்,” என்று தேம்பினாள். நீலாவதி பிள்ளை தலையைத் தடவிவிட்டு முன்சீட்டில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள்.

“திருப்புங்க. ஆஸ்பத்திரிக்கே போலாம்.”

டாக்டர் விக்னேஸ்வரி கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தவர் முகம் மாறியது. அதுவரை அவர் அப்படிக் குரலை உயர்த்தி நீலாவதி கேட்டதில்லை.

“வேருன்னு நெனச்சீங்களா? இந்த மாதிரி பதிவு இல்லாத குளிகையில பல தடவை ஸ்டீராய்டு கலந்திருக்காங்க. சோதிச்சுப் பாத்தாத்தான் உறுதியா தெரியும், ஆனா ஒரே நாள்ல வலி போகுதுன்னா எனக்கு வேற எதுவும் தோணல. அது வீக்கத்த அமுக்கிடும். ரத்தத்துல அந்தப் புரதத்தையும் இறக்கிடும். நான் அளந்தது பிள்ளையோட நோய இல்ல சார், உங்க டப்பாவ!”

சுகுமாரன் கைகட்டி நின்றான். “மன்னிச்சுக்குங்க டாக்டர்.”

“என்கிட்ட எதுக்கு மன்னிப்பு? நானும்தான் அந்த நடையப் பாத்து ஏமாந்திருக்கேன்.” டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். தன் மேலேயே கோபம் வந்தவர் போல இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: இந்தக் குளிகை இனிமேல் கூடாது. உடம்பிலிருந்து அது முழுக்க இறங்க வேண்டும். ஒரு மாதம் போல, வாராந்திர மாத்திரையும் சாதாரண வலி மாத்திரையும் தவிர வேறெதுவும் இல்லாமல் இருக்கவேண்டும். காய்ச்சல் வந்தாலோ, பிள்ளை துவண்டாலோ உடனே கூட்டி வரவேண்டும். அதற்குப் பிறகுதான் ரத்தத்தை மறுபடி எடுத்துப் பார்க்கமுடியும்.

“அந்த ஒரு மாசம் புள்ளைக்கு வலிக்குமே டாக்டர்,” என்றாள் நீலாவதி.

“வலிக்கும்மா,” என்றார் டாக்டர்.

அந்த மாதத்தை நீலாவதி எப்படிக் கடத்தினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒன்று மட்டும் செய்தாள். சுகுமாரன் வழக்கமாக விடிவதற்கு முன்பே லோரியை எடுக்கப் போய்விடுவான். திரும்பி வரும் நேரத்தில் பிள்ளையின் மூட்டுகள் ஓரளவு இளகியிருக்கும். சாயங்காலத்துச் சசிரேகாவை மட்டுமே அவனுக்குத் தெரியும். நீலாவதி அவனை மானேஜரிடம் கேட்டு வேலை நேரத்தைத் தள்ளி வைக்கச் சொன்னாள்.

“இனிமே காலையில நீங்களே தூக்குங்க. ஒரு நாளாச்சும் கண்ணால பாருங்க,” என்றாள்.

முதல் நாள் காலையில் அவன் பிள்ளையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். சசிரேகா அலறிய அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. சுகுமாரன் பயந்து அவளைத் திரும்பக் கட்டிலில் உட்காரவைத்துவிட்டு நீலாவதியைத் திரும்பிப் பார்த்தான்.

“இவ்வளவா நீலா?”

அந்த ஒரு கேள்வியில் அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! சொன்னது காதில் விழவில்லை, படம் பிடித்துக் காட்டினால் அழித்தாயிற்று. இப்போது கேள்வி வேறு. வெந்நீர்க் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே நின்று, அவனுக்குக் கேட்காமல், வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

நாளாக ஆக வலி கூடியது. பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினார்கள். விரல்கள் மொச்சைக் காய் போலத் தடித்தன. “அந்த மாத்திரை ஒண்ணே ஒண்ணு குடுங்கப்பா,” என்று பிள்ளை கெஞ்சும்போது சுகுமாரன் எழுந்து வெளியே போய் லோரியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். டப்பா டாக்டரிடம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. கையில் இருந்திருந்தால், நீலாவதியே ஒன்றை எடுத்துக் கொடுத்திருப்பாள்.

மறுபடி ஆஸ்பத்திரி நாள் வந்தது. சுகுமாரன் பிள்ளையைத் தோளில் சுமந்து டாக்டர் அறைவரை கொண்டுவந்து நாற்காலியில் இறக்கினான். டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் கருவியை வைத்துத் திரையில் பார்த்தார். பிறகு பூஜ்யத்திலிருந்து பத்துவரை முகங்கள் வரைந்த அட்டையை நீட்டினார்.

“சசி, வலி எவ்வளவு? எந்த மூஞ்சின்னு காட்டுங்க.”

சசிரேகா அட்டையைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்றை ஒட்டவைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தினாள். “கொஞ்சந்தான் டாக்டர்.”

நீலாவதிக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. ஒரு மாத வேதனைக்குப் பிறகும் இந்தப் பதிலா! வாயைத் திறந்தாள். அதற்குள் சுகுமாரன் எழுந்துவிட்டான். அறையை விட்டு வெளியே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான்.

சசிரேகா மூடிய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அட்டையின் கடைசிக்கு முந்திய முகத்தின் மேல் வீங்கிய விரலை வைத்தாள். “இது. காலையில இதுக்கும் மேல,” என்றாள். சொல்லி முடித்ததும் ஓவென்று அழுதாள். டாக்டரும் அவளை அழவிட்டார். அழுது ஓய்ந்த பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள்.

பாக்கெட் போடும் இடத்தில் நீலாவதி நின்றிருந்தபோது போன் வந்தது. டாக்டர் விக்னேஸ்வரியே பேசினார்.

“அளவு நல்லா ஏறியிருக்கும்மா. போன தடவையைவிடப் பல மடங்கு. ஊசிக்கு எழுதிட்டேன். கேக்கும்னு நம்பலாம், சத்தியம் பண்ண மாட்டேன்.”

“கேக்கும் டாக்டர், கேக்கும்!”

“இன்னொண்ணும் சொல்லணும்.” டாக்டர் குரல் இறங்கியது. “முழங்கால்ல ஒரு பக்கம் குருத்தெலும்பு தேய்ஞ்சிருக்கு. இந்த சில மாசத்துல தேய்ஞ்சது. அது திரும்பாது. மிச்சத்தக் காப்பாத்திடலாம்.”

நீலாவதி போனை வைத்துவிட்டுத் தேயிலை மூட்டை மேல் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாய் சிரித்தது. கூட வேலை செய்யும் ஜெயா ஓடிவந்தாள். “என்னாக்கா? புள்ளைக்கு என்னா?”

“நல்ல சேதிதான் லா ஜெயா. எம்மவ ரத்தம் ரொம்ப மோசமா இருக்காம்.”

ஜெயா பயந்துபோய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நீலாவதி அவள் கையை விலக்கிவிட்டுச் சுகுமாரனைக் கூப்பிட்டாள். லோரி எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே விஷயத்தைச் சொன்னாள். ஊசி கிடைக்கும் என்றாள். தேய்ந்தது திரும்பாது என்பதையும், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அங்கே எஞ்சின் நின்றது.

“அப்போ புள்ள நொண்டுவாளா?” என்றான் சுகுமாரன்.

“கொஞ்சம் நொண்டுவா போல.”

லோரிக் கதவு திறந்து சாத்தும் சத்தம் போனில் கேட்டது.

“நொண்டட்டும்,” என்றான் அவன். “எவன் முன்னாடி வேணும்னாலும் நொண்டட்டும் நீலா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”